எரியாத விளக்கு

கண்டிக் கராஜ்களில் காற்றுப்பைக் கோளாறு என்றால் முதலில் பார்க்கப்படுவது டாஷ்போர்டிலுள்ள எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பியதும் சில விநாடிகள் எரிந்து அணையவேண்டும். அணையாவிட்டால் இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கம்பி நாடா அறுந்திருக்கலாம். ஸ்கேனர் காட்டிவிடும்.

டகாட்டா விவகாரத்திலோ இந்த விளக்கு ஊமையாகவே இருந்தது. 1933இல் ஜப்பானில் நெசவுத் தொழிலில் தொடங்கிய அந்நிறுவனம், பிற்காலத்தில் காற்றுப்பையை ஊதவைக்க அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கான வெப்பமும் ஈரப்பதமும் அதனைச் சிதைத்தன. விபத்தின்போது அது அளவுமீறிய வேகத்தில் எரிய, உலோகக் கூடு வெடித்துச் சில்லுகள் பாய்ந்தன. மின்சுற்றில் பழுதில்லை, எனவே ஸ்கேனருக்கும் ஒன்றும் தெரியாது. ஹொண்டாவின் முதல் மீளழைப்பு 2008இல். அமெரிக்காவுக்கு வெளியே முதல் மரணம் 2014இல், நம்மைப்போலவே புழுங்கும் மலேசியாவில். 2017இல் டகாட்டா திவாலானது.

நம் தெருக்களில் ஓடும் கார்களில் பல, ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்தவை. மீளழைப்புக் கடிதம் ஒசாகாவிலுள்ள பழைய முகவரிக்குப் போயிருக்கும். வாகனமோ கடுகண்ணாவை வளைவில் ஏறிக்கொண்டிருக்கும். (பேராதனை வீதியில் பளபளக்கும் கார்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதத்தின் நினைவுதான்.) செசி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் மீளழைப்புப் பட்டியலில் தேடுவதே இதற்கான பரிசோதனை. கண்டியில் அந்த இலக்கத்தைத் தாமாகவே கேட்ட கராஜ்காரர் ஒருவரைத்தான் இதுவரை சந்தித்திருக்கிறேன்.