கார்னகி மண்டபத்தில் ஓர் இரவு



அரசர்களின் வரலாற்றைச் சாசனங்களிலும் செப்பேடுகளிலும் தேடுகின்றோம். எழுதப் படிக்க இடமளிக்கப்படாத ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எங்கே தேடுவது? அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. ஆதலால் அம்மக்கள் தங்கள் துயரத்தையும் நம்பிக்கையையும் பாட்டிலே பதித்து வைத்தனர். அந்தப் பாட்டை அறிய விரும்புவோன் அதைப் பாடுகின்றவனைக் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்பதற்கென்றே கூட்டப்பட்ட ஓர் அவையைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அது 1938ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 23ஆந் திகதி, நியூயோர்க் நகரத்துக் கார்னகி மண்டபத்திற் கூடியது.

அந்த இரவின் பெருமையை உணர்வதற்கு அதற்கு முந்திய கதையைச் சிறிது அறிதல் வேண்டும். 1865ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டிலே, விடுதலை பெற்ற மக்களின் கல்விக்காக நாஷ்வில் நகரில் பிஸ்க் என்னும் கலாசாலை தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது கடனில் மூழ்கி, மூடப்படும் நிலையை அடைந்தது. அதன் பொருளாளராகவும் இசையாசிரியராகவும் இருந்த ஜோர்ஜ் வைற் என்பவர் ஒன்பது மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு 1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி வட மாநிலங்களை நோக்கிப் புறப்பட்டார். பாடிப் பொருளீட்டிக் கலாசாலையைக் காப்பதே அவர்கள் நோக்கம்.

அப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். தொடக்கத்தில் அவர்கள் மேடைகளிற் பாடியவை பெரும்பாலும் ஐரோப்பிய முறையில் அமைந்த பாடல்களே. தம் பெற்றோர் வயல்களிலும் மறைவான செபக் கூட்டங்களிலும் பாடிய ஞானப்பாட்டுக்களை அந்நியர் முன் பாட அவர்கள் தயங்கினர். அவை புனிதமானவை, அதே வேளையில் மறக்க விரும்பிய அடிமைக் காலத்தை நினைவூட்டுபவை. தாய் தந்தையரின் கண்ணீரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவதா என்னும் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அவ்வாண்டு நவெம்பர் மாதத்தில் ஓபர்லின் என்னும் ஊரிற் கூடியிருந்த குருமாருக்கு முன் அவர்கள் அப்பாட்டுக்களைப் பாடியபோது சபை அசைவற்றுக் கேட்டது. அன்று தொடக்கம் அவையே அவர்களுடைய கச்சேரியின் உயிராயின. 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று விக்ரோறியா மகாராணியார் முன்னிலையிலும் பாடினர். அவர்கள் ஈட்டிய பொருளால் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் அக்கலாசாலையில் நிற்கின்றது.

அவர்கள் பெற்ற வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. ஒருவர் முன்பாட மற்றவர் பின்தொடர்ந்து, கையொலியோடும் உடலசைவோடும் வளர்ந்த பாட்டு, மேடைக்கேற்ப நேர்த்தியாக்கப்பட்டு, ஐரோப்பியச் சேர்ந்திசையின் ஒழுங்குக்குள் அடங்கிற்று. கேட்டவர் மதித்தனர், கேட்டவரின் வழக்கத்திற்கு ஏற்பப் பாட்டும் தன்னை மாற்றிக்கொண்டது. இந்தச் சிக்கல் பின்வந்த இசைவாணரையும் விடாது தொடர்ந்தது.

அதன்பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் அம்மரபு பல கிளைகளாய் விரிந்தது. தென்னாட்டுத் தொழிலாளரிடையே புளூஸ் என்னும் தனிப்பாடல் முறை வளர்ந்தது. நியூ ஓர்லியன்ஸ் முதலிய நகரங்களிலே ஜாஸ் தோன்றிற்று. 1930ஆம் ஆண்டுகளில், முன்பு புளூஸ் பியானோக் கலைஞராய் இருந்த தோமஸ் டோர்சி சிக்காக்கோ நகரில் கொஸ்பல் எனப்படும் புதிய தேவாலய இசையை வளர்த்தார். மனைவியையும் பிறந்த குழந்தையையும் 1932ஆம் ஆண்டில் ஒருங்கே இழந்த துயரில் அவர் இயற்றிய பாடல் உலகெங்கும் பரவியது. ஆயினும் அவருடைய இசையிலே கேளிக்கை விடுதியின் சாயல் இருப்பதாகச் சொல்லி அதனை ஏற்க மறுத்த தேவாலயங்களும் இருந்தன.

இவ்வனைத்தையும் ஒரே மேடையிற் காட்டவேண்டும் என்று எண்ணியவர் ஜோன் ஹமண்ட். நியூயோர்க்கின் பெருஞ் செல்வக் குடும்பமொன்றில் 1910ஆம் ஆண்டிற் பிறந்த அவர் இசைத்தட்டுக்களிலே சிறுவயது தொட்டு ஈடுபட்டவர். ஆற்றல் மிக்க கலைஞரைத் தேடி ஊரூராய் அலைந்தவர். 1938ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி பெனி குட்மன் குழுவினர் கார்னகி மண்டபத்தில் ஜாஸ் இசைத்துப் பெரும் புகழ் பெற்றிருந்தனர். அந்த இசையை ஆக்கித் தந்த மக்களையே அங்கே ஏற்றவேண்டும் என்று ஹமண்ட் விரும்பினார். பொருளுதவி எளிதிற் கிட்டவில்லை. இறுதியில் இடதுசாரிச் சஞ்சிகையான நியூ மாசஸ் அப்பொறுப்பை ஏற்றது. நிகழ்ச்சி, முந்திய ஆண்டிலே மோட்டார் விபத்தில் மாண்ட புளூஸ் பாடகி பெசி சிமித்தின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது.

அவ்விரவு மேடையேறியவர்களை நினைத்துப் பாருங்கள். வட கரோலினாவிலிருந்து வந்த மிச்செல் கிறிஸ்தவப் பாடகர் வாத்தியம் எதுவுமின்றித் தம் குரல்களாலேயே பாடினர். கண்பார்வை இழந்த சொனி ரெறி மௌத் ஓர்கனை வாசித்தபடியே இடையிடையே குரலெழுப்பினார். இருபத்துமூன்று வயது நங்கை சிஸ்ரர் றொசெற்றா தார்ப் கிற்றாரை மீட்டித் தேவனைப் பாடினார். அல்பேட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீற் ஜோன்சன் ஆகிய மூவர் பூகி-வூகி என்னும் துள்ளல் நடையிற் பியானோ வாசித்தனர். நியூ ஓர்லியன்ஸ் மரபின் பெருங் கலைஞர் சிட்னி பெசேயும், கன்சாஸ் நகரிற் புகழ் வளர்த்த கவுண்ற் பேசியின் வாத்தியக் குழுவினரும் தொடர்ந்தனர்.

வராத ஒருவரும் அவ்வரங்கில் இருந்தார். மிசிசிப்பி மாநிலத்துப் பாடகர் றொபேட் ஜோன்சனை அழைக்க ஹமண்ட் எண்ணியிருந்தார். அவரோ அவ்வாண்டு ஓகஸ்ற் 16ஆந் திகதி இருபத்தேழாவது வயதில் இறந்துவிட்டார். அந்த இளைஞர் விட்டுச் சென்றவை 1936, 1937ஆம் ஆண்டுகளில் ரெக்சாஸ் மாநிலத்திற் பதிவான இருபத்தொன்பது பாடல்களே. அவற்றுள் இரண்டின் இசைத்தட்டுக்களை அன்று மேடையில் ஒலிக்கச் செய்தனர். பாடகர் இல்லாத மேடையிலிருந்து அவருடைய குரலைச் சபையினர் கேட்டனர்.

அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர் பிக் பில் புரூன்சி. அவரை ஆர்க்கன்சஸ் மாநிலத்து ஏழைக் குடியானவர் என்று சபைக்கு அறிமுகஞ் செய்தனர். உண்மையில் அவர் சிக்காக்கோ நகரிலே பல்லாண்டு வாழ்ந்து, எண்ணற்ற இசைத்தட்டுக்களை வெளியிட்டிருந்த தேர்ந்த கலைஞர். நகரத்துக் கனவான்கள் நாட்டுப்புறத்தானைக் காண விரும்பினர். ஆகவே கலைஞருக்கு நாட்டுப்புறத்தான் வேடம் கட்டப்பட்டது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஞானப்பாட்டிலிருந்து சுவிங் வரை என்பது அக்கச்சேரிக்கு இடப்பட்ட பெயர். அப்பெயரைக் கேட்பவர், அடிப்படியில் எளிய நாட்டுப் பாட்டும் உச்சிப்படியில் பேசியின் வாத்தியக் குழுவுமாக ஓர் ஏணியை மனத்திற் கொள்ளக்கூடும். மேடையில் நின்றவர்களோ அனைவரும் ஒரே காலத்தவர். மிச்செல் பாடகரின் பாட்டு ஒரு பழம்பொருளன்று. அது 1938ஆம் ஆண்டிலே உயிரோடிருந்த கலை. றொசெற்றா தார்ப் அக்காலத்தில் தேவாலயத்திலும் கேளிக்கை விடுதியிலும் பாடிக்கொண்டிருந்தார். அதற்காகப் பக்தர் சிலரின் கண்டனத்துக்கும் ஆளானார். வேர் என்றும் கிளை என்றும் நாம் பிரித்துப் பேசுவன அவருடைய ஒரே கிற்றாரில் ஒன்றாய் ஒலித்தன. நிகழ்ச்சிக் குறிப்பை மட்டும் படித்தவனுக்கு ஏணிதான் தெரிந்திருக்கும். காது கொடுத்துக் கேட்டவனோ உறவைக் கண்டிருப்பான்.

அவ்விரவின் விளைவுகள் பல. பூகி-வூகிப் பியானோ நாடெங்கும் பரவிற்று. சபையில் இருந்த அல்பிரட் லயன் என்னும் ஜெர்மானிய அகதி, இரண்டு வாரத்துள் அமன்சையும் லூயிசையும் அழைத்துப் பதிவு செய்தார். புளூ நோட் என்னும் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனம் அவ்வாறு தொடங்கிற்று. ஆயினும் நாட்டின் நிறப்பகை ஒரு கச்சேரியால் அகலவில்லை. அடுத்த ஆண்டிலேயே, வாஷிங்ரன் நகரத்துக் கொன்ஸ்ரிற்றியூஷன் மண்டபத்திற் பாடுவதற்கு மரியன் அண்டர்சன் அம்மையாருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் 1939ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று, எழுபத்தையாயிரம் மக்கள் முன்னிலையிற் பாடினார்.

பிஸ்க் மாணவரை வருத்திய பழைய கேள்விக்கு வேறொரு விடையளித்தவர் மஹேலியா ஜக்சன். 1911ஆம் ஆண்டில் நியூ ஓர்லியன்சிற் பிறந்த அவர், புளூஸ் பாடினாற் பெருஞ் செல்வம் கிடைக்கும் என்று பலர் சொல்லியும் கொஸ்பல் பாட்டை விட்டு விலகவில்லை. 1950ஆம் ஆண்டிற் கார்னகி மண்டபத்திலும், 1958ஆம் ஆண்டில் நியூபோட் ஜாஸ் விழாவிலும் தேவாலயத்தில் பாடிய முறையிலேயே பாடினார். மேடைக்கேற்பப் பாட்டு அடங்கவில்லை; சபைதான் பாட்டின் வழியே சென்றது. 1963ஆம் ஆண்டு ஓகஸ்ற் 28ஆந் திகதி வாஷிங்ரனிலே, மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்குச் சிறிது முன்னர் இலட்சக்கணக்கான மக்களிடை ஒலித்ததும் அவருடைய குரலே. கிங் கொலையுண்டபின், 1968ஆம் ஆண்டில் இறுதிச் சடங்கிலே அவர் பாடியது டோர்சி தம் துயரத்தில் இயற்றிய அந்தப் பாட்டைத்தான்.

நம் நாட்டிற்கும் இக்கதையில் ஒரு சிறு தொடர்புண்டு. 1963ஆம் ஆண்டில் டியூக் எலிங்டன் தம் வாத்தியக் குழுவோடு அமெரிக்க அரசின் சார்பிற் கிழக்கு நாடுகளைச் சுற்றி வந்தார், கொழும்பிலும் வாசித்தார். அப்பயணம் நடந்துகொண்டிருந்த செப்டெம்பர் மாதத்திலேதான் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயமொன்று வெடிகுண்டால் தகர்க்கப்பட்டு, நான்கு சிறுமியர் மாண்டனர். வெளிநாட்டில் அரசின் தூதராய் மதிக்கப்பட்ட கலைஞரின் இனத்தவர் தம் ஊரிலே வழிபாட்டிடத்திலும் பாதுகாப்பின்றி இருந்தனர். எலிங்டனின் இசையைக் கேட்கும்போது இதனையும் நினைவில் வைத்திருத்தல் நலம்.

நேயர்களே, 1938ஆம் ஆண்டுக் கச்சேரியின் பதிவுகள் 1959ஆம் ஆண்டில் இசைத்தட்டுக்களாய் வெளிவந்தன. இன்றும் அவற்றைத் தேடிக் கேட்கலாம். கேட்பவருக்கு ஓர் ஆசிரியன் என்ற முறையில் மூன்று குறிப்புச் சொல்வேன். முதலாவது, முன்பாடுவோருக்கும் பின்பாடுவோருக்கும் இடையே நிகழும் வினாவிடையைக் கவனியுங்கள். பாடகர் தனியே பாடும்போது அவருடைய வாத்தியமே விடை கூறும். பேசியின் குழுவிலே ஊதுகுழல் வரிசைகள் ஒன்றுக்கொன்று விடை கூறும். இரண்டாவது, பியானோவின் கட்டைகளுக்கு இடையிலே நின்று வளையும் சுரங்களைக் கவனியுங்கள். கமகத்திற் பழகிய செவிக்கு அது கடினமாகாது. மூன்றாவது, ஒரே பாட்டை ஒருவர் வெவ்வேறு சபைகளிற் பாடியதை அடுத்தடுத்துக் கேளுங்கள். சபை மாறும்போது பாட்டில் எது மாறுகின்றது, எது மாறாது நிற்கின்றது என்று பார்த்தால், அக்கலைஞரின் உள்ளம் எதனை விட்டுக்கொடுக்க மறுத்தது என்பது புலனாகும்.

சாசனம் எழுதி வைக்க இயலாத மக்கள் தம் வரலாற்றைக் குரலிலே ஒப்படைத்துச் சென்றார்கள். பிறர் கட்டிவிடும் வேடத்தை நீக்கி, அக்குரலுக்கு உரியவரைக் கலைஞராகவே கொண்டு கேட்பது நம் கடமை. பிக் பில் புரூன்சிக்கு அன்று ஒரு பேரவையார் அளிக்கத் தவறிய அந்த மதிப்பை இன்று நாம் நம் வீட்டிலிருந்தே அளிக்கலாம்.