பந்து நம் கையில், கணக்கு யார் கையில்?

விளையாட்டு மைதானத்தில் சாதி இல்லை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யார் ஆடினார்கள் என்பதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எந்த அணியைச் சேர்ப்பது, வசூலை எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்தவர்கள் யார் எனக் கேட்டுப் பார்த்தால் வேறு வரலாறு தெரியும்.

பம்பாயில் 1892ல் ஐரோப்பியர்களும் பார்சிகளும் மோதும் கிரிக்கெட் போட்டி தொடங்கியது. 1907ல் இந்து அணி சேர்ந்தது, போட்டி முத்தரப்பானது. 1912ல் முஸ்லிம் அணி சேர்ந்து நாற்தரப்பானது. 1937ல் இந்தியக் கிறிஸ்தவர்கள், யூதர்கள் போன்றோரைக் கொண்ட 'மீதியுள்ளோர்' அணியும் சேர்ந்து ஐந்தாகியது. ஒவ்வொரு முறையும் அணி கூடியது, கூட்டம் கூடியது, பணமும் கூடியது.

இந்து அணிக்கு அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பல்வாங்கர் பாலூ, சமார் சாதியில் பிறந்த இடதுகை சுழற்பந்து வீச்சாளர். பூனா ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய் சம்பளத்தில் மைதான வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்களுக்கு வலைப் பயிற்சியில் பந்து வீசியே ஆட்டத்தைக் கற்றார். இந்துக்களின் சங்கம் பிறகு அவரை ஆட அழைத்தது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர். 1911ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்துத் திரும்பினார். அப்படிப்பட்டவரை இந்து அணியின் தலைவராக ஒருமுறைகூட அறிவிக்கவில்லை. 'இந்து' என்ற பெயருக்குள் அவருக்கு இடமிருந்தது, அந்தப் பெயரின் தலைமையில் இல்லை.

1920ல் அவருடைய தம்பிகள் சிவ்ராமும் விட்டலும் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அணியிலிருந்து விலகினார்கள். அதன் பிறகுதான் நிலைமை அசைந்தது. பாலூ துணைத் தலைவரானார், 1923ல் விட்டல் தலைவரானார். ஜிம்கானாக்காரர்கள் மனம் திருந்தி இதைக் கொடுத்துவிடவில்லை. ஆடுகிறவர்கள் ஆட மறுத்ததால் கிடைத்தது.

1937ல் பிரபோர்ன் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. தங்களுக்குப் போதிய இருக்கைகள் ஒதுக்கவில்லை என்று சொல்லி இந்து ஜிம்கானா அந்த ஆண்டுப் போட்டியையே புறக்கணித்தது. இருக்கைக்காக ஓர் அணியே விலகலாம், அது உரிமைப் பிரச்சினை. தம்பிகள் மானத்துக்காக விலகினால் அதை ஒழுங்கீனம் என்பார்கள். அதே 1937ல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பாலூவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் வென்றார். பாலூவின் பெயர் மறுபடியும் அடுத்தவர் கணக்கில்தான் சேர்க்கப்பட்டது.

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆடுகிறவர்களில் பலர் கறுப்பின மாணவர்கள். 1984ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒளிபரப்பு உரிமையைத் தேசியச் சங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. அதன் பிறகு கல்லூரிக் கூட்டமைப்புகள் தனித்தனியாகத் தொலைக்காட்சிகளோடு பேரம் பேசின. பணம் அதிகம் தரும் கூட்டமைப்புக்குக் கல்லூரிகள் தாவின. 1915ல் தொடங்கிய பசிஃபிக் கடற்கரைக் கூட்டமைப்பிலிருந்து 2024ல் மட்டும் 12ல் 10 கல்லூரிகள் வெளியேறின. பசிஃபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டு, அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்று 4 அணியிலிருந்து 12 அணியானது. 2026 முதல் அதன் வருவாயில் பாதிக்கு மேல் இரண்டு பெரிய கூட்டமைப்புகளுக்கே போகும்.

இத்தனை பங்கீட்டிலும் ஆட்டக்காரருக்கு 2025 வரை நேரடிப் பங்கு இருக்கவில்லை. படிப்புச் செலவு கிடைக்கிறதே, போதாதா என்றார்கள். கிராண்ட் ஹவுஸ் என்ற கல்லூரி நீச்சல் வீரர் 2020ல் வழக்குத் தொடுத்தார். மற்ற ஆட்டக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வழக்கின் சமரசத்தால்தான் 2025லிருந்து கல்லூரிகள் தங்கள் வருவாயிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகியது. அதற்கும் உச்சவரம்பு உண்டு: ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர்.

எக்கியார்குப்பம், மரக்காணம் பக்கத்து உப்பளங்களைத் தெரிந்த நமக்கு இது புரியாத கணக்கல்ல. குத்தகை யாருக்கு, மூட்டை என்ன விலை என்பதை வெயிலில் உப்பு வாருகிறவர் முடிவு செய்வதில்லை. குத்தகை கை மாறும், விலை ஏறும், கூலி மட்டும் கடைசியில் பேசப்படும்.

தோழர்களே, நம் பிள்ளைகள் அணியில் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். பாலூ அணியில்தான் இருந்தார். ஊர்ப் போட்டியானாலும் பல்கலைக்கழகப் போட்டியானாலும், அட்டவணை போடும் குழுவில் நம்மவர் யார், வசூல் கணக்கைப் படித்துக் காட்டுகிறார்களா என்று கேட்போம். பதில் வராவிட்டால், சிவ்ராமும் விட்டலும் 1920ல் செய்தது நமக்குத் தெரியும்.