கேட்க ஒரு செவி
நகரத் தனிமையும் தொகுப்புத் திரைப்படங்களும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் பர்லியார் என்னும் சிற்றூர் உள்ளது. 1871-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசுப் பழப்பண்ணையால் பெயர் பெற்ற ஊர் அது. மங்குஸ்தானும் துரியனும், சாதிக்காயும் கிராம்பும் விளையும் அந்த மலைச்சரிவில், மேலேறும் வண்டிகள் சற்றே நின்று பழம் வாங்கிச் செல்லும். ஆனால் அதே பாதையில் இறங்கிச் செல்வோரும் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பிழைப்பு நாடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் இவ்வழியேதான் இறங்குகின்றனர்.

மலையில் வீடுகள் தொலைவில் இருந்தன. மனிதர் அருகில் இருந்தனர். நகரிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அடுத்த வீட்டார் பெயரோ தெரியாது. மலை வாழ்வில் துன்பம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. லயன் வீடுகளின் நெருக்கடியையும் கூலியின் குறைவையும் அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். எனினும், கூட்டத்தின் நடுவே தனித்து நிற்பது என்னும் துன்பம் நகரம் தந்த கொடையே. இத்துன்பத்தைத் திரைப்படம் எவ்வாறு சொல்லக் கற்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தொகை நமக்குப் புதிதன்று

நகரத் தனிமையைச் சொல்ல வந்த படங்கள் பல, ஒரே கதையை நீட்டிச் சொல்லாமல், தனித்தனிக் கதைகளை ஒரு தலைப்பின்கீழ்த் தொகுத்தன. இம்முறை நமக்கு அயலானதன்று. பாட்டுகளைத் தொகுத்து எட்டுத்தொகை என்று பெயரிட்டவர்கள் தமிழர்கள். வேதாளம் சொல்ல விக்கிரமாதித்தன் கேட்ட கதைகள் நம் திண்ணைகளில் வழங்கியவை. அரபுலகம் தந்த ஆயிரத்தொரு இரவுகளில் ஷஹ்ரஸாத் கதை சொல்ல, மன்னன் ஷஹ்ரியார் கேட்கிறான். அவன் கேட்பதால்தான் அவள் உயிர் தப்புகிறது.

இங்கே ஒன்றை நாம் உற்றுநோக்க வேண்டும். பழைய கதைத் தொகுதிகளைக் கட்டிய நார், கேட்பவர் ஒருவர் இருந்தார் என்பதே. கதைகள் வேறுவேறாயினும் செவி ஒன்று. நகரத்தைப் பற்றிய இன்றைய தொகுப்புப் படங்களில் அந்தச் செவியைக் காணோம். கதைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை மற்றொன்று அறியாது. அடுக்கு மாடிக் குடியிருப்பின் அமைப்பே படத்தின் அமைப்பாகிவிட்டது.

சிரிப்பிலிருந்து தெருவுக்கு

தமிழில் பேசும் படம் பிறந்த காலத்திலேயே தொகுப்பும் பிறந்துவிட்டது. 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்துடன் ஆடலும் பாடலும் கொண்ட துண்டுப் படங்கள் சேர்த்துக் காட்டப்பட்டன. 1939-இல் வந்த 'சிரிக்காதே' சிறு நகைச்சுவைப் படங்கள் சிலவற்றை ஒன்றாகக் கட்டித் தந்தது. அன்று தொகுப்பின் நோக்கம் கொட்டகை முழுவதையும் ஒருசேரச் சிரிக்க வைப்பதே.

தொகுப்பைச் சமுதாயத்தின் பக்கம் திருப்பியவர்களுள் குவாஜா அகமது அப்பாஸ் குறிப்பிடத்தக்கவர். 1959-இல் அவர் எடுத்த 'சார் தில் சார் ராஹேன்' மூன்று காதல் கதைகளை ஒரு நாற்சந்தியில் கொண்டுவந்து சேர்த்தது. 1963-இல் அவரது 'ஷெஹர் அவுர் சப்னா', பம்பாயில் குடியிருக்க இடமின்றிச் சாக்கடைக் குழாய்க்குள் இல்லறம் தொடங்கிய இருவரைக் காட்டிற்று. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. 1968-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே வைத்து அவர் எடுத்த குறும்படத்துக்குத் தணிக்கையாளர் தடை எழுப்பினர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தணிக்கை முறை செல்லும் என்று கூறிய 1970-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா கலையின் உரிமையையும் வலியுறுத்தினார். நகரின் மறைவான முகத்தைக் காட்டுவது எளிய செயலன்று என்பதற்கு இவ்வழக்கே சான்று.

1972-இல் மிருணாள் சென்னின் 'கல்கத்தா 71' வந்தது. வெவ்வேறு காலத்து வறுமைக் கதைகளை அது தொகுத்தது. அவற்றைக் கட்டும் நாராக வருபவன், சுட்டுக் கொல்லப்பட்ட இருபது வயது இளைஞன். இறந்தவன் எழுந்து நின்று நம்மிடம் பேசுகிறான். இயல்பான நடையில் சொல்லி மாளாத துயரம் கனவின் நடையை நாடுவதை இங்கே காண்கிறோம்.

கனவு நடை

ஆந்திரே பிரெத்தோன் 1924-இல் பாரிசில் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிய சர்ரியலிச இயக்கம், கனவும் நனவும் கலந்த நிலையையே உண்மை என்றது. ஹான்ஸ் ரிக்டர் 1947-இல் எடுத்த படமொன்றில், வாடகை அறை எடுத்த இளைஞன் ஒருவன் வருவோர்க்கெல்லாம் கனவுகளை விற்கிறான். மாக்ஸ் எர்ன்ஸ்ட், மான் ரே, துஷாம் முதலிய ஓவியர் பலர் ஆளுக்கொரு கனவை அமைத்துத் தந்தனர். நகரத்தான் ஒருவன் கனவையும் விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்துவிட்டான் என்பதைவிடத் தனிமைக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

2008-இல் மூன்று இயக்குநர்கள் கூடி எடுத்த 'டோக்கியோ!' இவ்வகையின் முழு வளர்ச்சி எனலாம். மிஷெல் கோந்திரி எடுத்த கதையில், காதலனுடன் டோக்கியோவுக்கு வந்த பெண் ஒருத்தி, குடியிருக்க வீடும் செய்ய வேலையும் கிட்டாமல், தன்னால் எவர்க்கும் பயனில்லை என்று எண்ணி எண்ணி ஒரு மர நாற்காலியாக மாறிவிடுகிறாள். யாரோ அதை எடுத்துச் சென்று வீட்டில் வைக்கின்றனர். அவள் மனநிறைவு கொள்கிறாள்! போங் ஜூன் ஹோ எடுத்த கதையில், பத்தாண்டுகள் வீட்டை விட்டு வெளிவராத ஒருவன், உணவு கொண்டுவந்த பெண்ணைத் தேடித் தெருவில் இறங்குகிறான். தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. நகரம் முழுவதும் அவனைப் போலவே கதவை அடைத்துக்கொண்டுவிட்டது. இதைக் கற்பனையின் மிகை என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். பன்னிரண்டே ஆண்டுகளில், 2020-இன் ஊரடங்கில், உலகத்தின் தெருக்கள் உண்மையிலேயே அவ்வாறு கிடந்தன.

சென்னையின் கதைகள்

சென்னைக்கு வருவோம். 2019 டிசம்பரில் ஹலிதா ஷமீம் எழுதி இயக்கிய 'சில்லுக்கருப்பட்டி' வெளிவந்தது. நான்கு கதைகள், நான்கு ஒளிப்பதிவாளர்கள். குப்பை மேட்டில் பொருள் பொறுக்கும் சிறுவன், செல்வர் வீட்டுச் சிறுமியை அவள் வீட்டுக் குப்பைப் பையின் வழியே அறிகிறான். புற்றுநோய் கண்ட இளைஞனுக்கு, வாடகைக் காரில் உடன் பயணம் செய்யும் பெண் துணையாகிறாள். முதுமையில் தனித்த இருவர் ஒருவரையொருவர் கண்டுகொள்கின்றனர். நான்காம் கதையில், கணவனும் பிள்ளைகளும் நிறைந்த வீட்டில் பேச ஆளில்லாத இல்லத்தரசி, சொன்னதைக் கேட்டு மறுமொழி கூறும் கருவி ஒன்றிடம் மனத்தைத் திறக்கிறாள்.

இந்த நான்காம் கதையில்தான் நாம் மேலே தேடிய செவி கிடைக்கிறது. ஆனால் அது மனிதச் செவி அன்று. ஷஹ்ரஸாதின் கதையைக் கேட்க ஒரு மன்னன் இருந்தான். சென்னை இல்லத்தரசியின் கதையைக் கேட்க ஓர் இயந்திரம் இருக்கிறது. இதில் கனவுக் காட்சி எதுவும் இல்லை. நாற்காலியாக மாறிய டோக்கியோப் பெண்ணுக்கு இவள் உடன்பிறந்தவள் என்பதை மட்டும் உணர்ந்தால் போதும்.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லலாம். 2020 அக்டோபரில், ஊரடங்கின் கட்டுப்பாடுகளுக்குள்ளேயே எடுக்கப்பட்ட ஐந்து கதைகள் 'புத்தம் புதுக் காலை' எனத் தொகுக்கப்பட்டன. 2022-இல் வந்த அதன் தொடர்ச்சியில், ஹலிதா ஷமீமின் கதைக்குப் பெயரே 'லோனர்ஸ்'. தனித்திருந்த இருவரை இணையத் திரை அறிமுகம் செய்துவைக்கிறது. 2023-இல் 'மாடர்ன் லவ் சென்னை' ஆறு கதைகளைத் தந்தது. அவற்றுள் தியாகராஜன் குமாரராஜாவின் 'நினைவோ ஒரு பறவை' கனவு நடையில் நெடுந்தூரம் சென்றது. நினைவிழந்த இளைஞனுக்குப் பிரிந்துபோன காதலி பழைய நாள்களை மீட்டுத் தர முற்படுகிறாள். நிகழ்ந்தது எது, நடிப்பது எது என்னும் எல்லை கரைந்துபோகிறது.

ஒரு குறையையும் ஒரு முரணையும் சொல்லி முடிப்போம். இப்படங்களில் தனிமை பெரும்பாலும் வசதியுள்ள வீடுகளில் வாழ்கிறது. குப்பை மேட்டுச் சிறுவன் போன்றோர் விதிவிலக்கு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஓர் அறையைப் பலர் பங்கிட்டுக்கொண்டு, இரவில் ஊர்க் குரலைக் கேட்கக் கைப்பேசியைக் காதில் வைத்துக் காத்திருக்கும் இளைஞன் இன்னும் நாயகன் ஆகவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் அப்பாஸ் சாக்கடைக் குழாய்க்குள் குனிந்து பார்த்தார். அவ்வளவு தாழக் குனிய நம் தொகுப்புகள் இனிமேல்தான் கற்க வேண்டும்.

முரண் இது: 'சிரிக்காதே'யைக் கொட்டகை நிறைந்த மக்கள் கூடிக் கண்டனர். தனிமையைப் பேசும் இன்றைய தொகுப்புகளையோ ஒவ்வொருவரும் தனித்தனியே, உள்ளங்கை அளவுத் திரையில், செவியை அடைத்துக்கொண்டு காண்கிறோம். மருந்தை உண்ணும் முறையே நோயாக இருக்கிறது.

பர்லியாரில் பேருந்து ஏறிய பிள்ளை இன்று எந்த நகரத்தின் எந்த அறையில் இருக்கிறானோ! அவன் சொல்வதைக் கேட்க ஒரு செவி வேண்டும். படம் அதை நினைவூட்டலாம், செவியாக முடியாது. அது அடுத்த அறையில் இருப்பவர் செய்யவேண்டிய பணி. அடுத்த அறையில் இருப்பவர் நாமாகவும் இருக்கலாம்.