வட்டத்தில் நில்லாத வாயு

நாம் குடியிருக்கும் ஆகாச கங்கையை வெளியே போய் நின்று பார்க்க நமக்கு வழியில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டின் படத்தைப் போட வேண்டும். நடுக்கூடத்தையோ தூசிப்படலம் மறைத்திருக்கிறது.

1944இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில், யான் ஓர்ட் என்ற வானநூலார் கேட்டுக்கொண்டபடி வான் டி ஹுல்ஸ்ட் என்னும் இளைஞர் ஒரு கணக்குப் போட்டார். ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வீசும் என்று கண்டார். தூசி அதை மறைக்காது! 1951இல் அமெரிக்கர் முதலில் அந்த அலையைப் பிடித்தார்கள். சில வாரங்களில் ஹாலந்துக்காரரும் பிடித்தார்கள். இவர்களுடைய கருவி, தோற்றுப்போன ஜெர்மானியர் விட்டுச் சென்ற ராடார் கிண்ணம். இதைவிட நல்ல யுத்த நஷ்ட ஈடு எனக்குத் தெரிந்து கிடையாது.

வாயு நம்மை நோக்கி வந்தால் அலை சற்றுக் குறுகும், விலகினால் நீளும். குடை ராட்டினத்தில் உட்கார்ந்து நடுக்கம்பத்தைப் பாருங்கள். உங்களுக்கும் கம்பத்துக்கும் நடுவே சுற்றுகிறவன் குறுக்கேதான் போவான். கிட்டவும் வர மாட்டான், எட்டவும் போக மாட்டான். ஆகாச கங்கையிலும் எல்லாம் ஒழுங்காக வட்டமிட்டால், மையத்தின் திசையில் வேகம் பூஜ்யமாகவே இருக்க வேண்டும்.

1957இல் வான் வூர்டன், ரௌகூர், ஓர்ட் மூவரும் அறிவித்த எண் பூஜ்யமல்ல. மையத்திலிருந்து சுமார் 10,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு வாயுக்கரம் வினாடிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. மையத்திலிருந்து வரும் ரேடியோ அலையை அது இடைமறித்து உறிஞ்சியதால், மையத்துக்கு இப்புறம் இருப்பதும் நிச்சயமாயிற்று. அப்படியானால் அது மையத்தை விட்டு வெளியே பாய்கிறது!

ஏன்? மையத்தில் ஏதோ வெடித்து வாயுவை வீசியெறிகிறது என்ற எண்ணம் ஓர்ட்டுக்கு நெடுங்காலம் இருந்தது. கதை எழுதுகிறவன் யாரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பான். 1960களின் தொடக்கத்தில் டி வோகூலர் என்பவர் சாதுவான வேறொரு காரணம் சொன்னார். நடுவிலுள்ள நட்சத்திரங்கள் உலக்கைபோல் நீண்டு கிடந்தால், அதன் ஈர்ப்பினால் வாயுவின் பாதை வட்டமாக இராமல் நீண்டுபோகும். அந்தப் பாதையில் ஓரிடத்தில் மையத்தை விட்டு விலகும், வேறோரிடத்தில் நெருங்கும். வெடியும் வேண்டாம், வாயு தீர்ந்துபோகுமே என்ற கவலையும் வேண்டாம்.

கேட்டவர்கள் அதிகமில்லை. 1991இல்தான் வாயுவின் ஓட்டத்தைக் கொண்டு பின்னியும் அவர் சகாக்களும், அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு பிளிட்ஸும் ஸ்பெர்கலும் உலக்கை இருப்பதற்குச் சாட்சியம் காட்டினார்கள். 53 என்ற அளவு அப்படியே நின்றது. அதற்குச் சொன்ன காரணந்தான் மாறியது.

உலக்கைக்கு இரண்டு முனை உண்டல்லவா? மையத்துக்கு அப்புறமும் அதே மாதிரி ஒரு கரம் இருக்க வேண்டும். 2008இல் டேமும் தாடியஸும் அதைக் கண்டுபிடித்தார்கள். அது நம்மை விட்டு வினாடிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருந்தது.