கொச்சி காணாத கொச்சின் கோழி

புத்தாண்டு மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதித் தாருங்கோ என்று சங்கத்தார் கேட்டார்கள். அரசர் கதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் கோழிச் சரித்திரம் எழுதுகிறேன். சிரிக்காமல் வாசியுங்கோ.

ஊரில் அம்மா கடகத்துக்குள் வைக்கோல் போட்டு அடை வைப்பா. எது நல்லாய் முட்டை இடும், எது குஞ்சைக் கொத்தும் என்று அவவுக்குத் தெரியும். கோழியின் சாதி என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் கோழிக்கும் சாதி, இலட்சணம், பரிசு எல்லாம் உண்டென்று கண்டேன்.

இங்கேயும் அது அவ்வளவு பழைய பழக்கமில்லை. சேவற்சண்டைதான் முன்பு பெரிய பொழுதுபோக்கு. 1835ஆம் ஆண்டுச் சட்டம் சண்டைக்களங்களைத் தடைசெய்ய, சேவல் வளர்த்தவர்களின் கவனம் மெல்ல அழகுப் பக்கம் திரும்பியது. 1845 ஜூனில் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது.

அபின் யுத்தம் 1842இல் முடிந்து ஷங்காய் துறைமுகம் திறபட, அங்கிருந்து பெரிய கோழிகள் வந்து இறங்கின. கால் விரல் வரை செட்டை, ஆட்டுக்குட்டி மாதிரிச் சாது. அவற்றுக்கு வைத்த பெயர் 'கொச்சின் சைனா'. அது வியட்நாமின் தென்பகுதிக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர். கோழி வந்ததோ சீனாவிலிருந்து. பிறகு 'சைனா'வும் கழன்று 'கொச்சின்' மட்டும் மிஞ்சியது. கேரளத்துக் கொச்சிக்கும் அந்தக் கோழிக்கும் ஒரு ஒட்டும் இல்லை. எங்களில் சிலருக்கு அகதி விண்ணப்பத்தில் ஊர்ப்பெயர் பிழையாய் விழுந்து, இன்றுவரை பாஸ்போட்டில் அப்படியே நிற்குதே, அது போலத்தான்.

1850இல் பேர்மிங்காம் கண்காட்சியில் இவற்றைக் கண்ட சனத்துக்குப் பித்துப் பிடித்தது. விலை ஏறோ ஏறென்று ஏறியது. அமெரிக்காவிலும் அதே கதை. 1849இல் பொஸ்டனில் நடந்த முதற் கண்காட்சிக்கு 1,423 பறவைகள் வந்தன. அங்கே ஜோர்ஜ் பேர்ன்ஹாம் என்றொரு கெட்டிக்காரர். 1852இல் விக்டோரியா மகாராணிக்குச் சாம்பல் நிறக் கோழிகளை அன்பளிப்பாய் அனுப்பினார். அரண்மனைக்குப் போன கோழியின் இனமென்றால் விலைக்குக் கேட்கவா வேணும்! பிரம்மபுத்திரா நதியின் பெயரில் 'பிரம்மா' என்று அறியப்பட்ட இனம் அதுதான். சந்தை விழுந்த பிறகு, 1855இல், அந்தக் கோழிக் காய்ச்சலைக் கேலி செய்து அவரே புத்தகமும் எழுதினார். அதிலும் காசு பார்த்திருப்பார்.

ஏமாந்தவர்கள் கூடியதால் ஒழுங்கு தேவைப்பட்டது. எந்த இனத்துக்குப் பூ எப்படி, கால் எப்படி என்று வரையறுத்த முதலாவது புத்தகம் 1865இல் லண்டனில் வந்தது. தயாரித்தவர் டார்வினுக்கு உதவிய டெகெட்மையர். ஆனால் இலட்சணத்தையே பார்த்துப் பார்த்துச் சோடி சேர்த்ததில் கொச்சினுக்குச் செட்டை கூடி, முட்டை குறைந்து போனது. அம்மா இதைக் கேட்டால் தலையில் அடிப்பா.

நானும் ஏமாந்தவன்தான். சுத்தப் பிரம்மா என்று ஒருவர் விற்ற பன்னிரண்டு முட்டையை அடை வைத்தேன். பொரித்தது ஏழு. அதில் நாலின் காலில் ஒரு செட்டையும் இல்லை. வாங்கிறவை தாய் தகப்பன் கோழியை ஒருக்கா நேரே பார்த்து வாங்குங்கோ. 2024 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசாங்கத்தில் பதிய வேணும், அதையும் மறவாதேயுங்கோ.

வீட்டுக் கோழிகள் எல்லாவற்றுக்கும் செங்காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்று டார்வின் 1868இல் எழுதினார். பெரும்பாலும் சரி. ஆனால் கொச்சினுக்கும் பிரம்மாவுக்கும் உள்ள அந்த மஞ்சள் கால், சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணுவால் என்று 2008இல் ஆய்வாளர் கண்டுபிடித்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவின் மேற்கிலும் தெற்கிலும் வாழ்வது. கொச்சிக்குக் கிழக்கே உள்ள மலைக்காடுகளிலும் அது கூவும்.