கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை: ஒரு சின்ன வரலாறு

ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று என்றால் நம்மவர்கள் வீட்டில் அடுத்து நடப்பது, எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நிற்பது. புனேயோ குர்காவ்னோ நொய்டாவோ, எந்த ஊரானாலும் வந்து நாலைந்து வருடத்தில் ஆளுக்கு ஏழெட்டு கிலோ ஏறியிருக்கும். தம்பி கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே மாதம். பெரியம்மா முதல் பந்தியிலேயே "என்னடா இப்படி ஊதிட்ட?" என்று கேட்கப் போகிறார். சரியாக அந்த நேரம் பார்த்து அந்த விளம்பரம் கண்ணில் படும். மூன்று மாதத்தில் 15 கிலோ, பக்க விளைவு கிடையாது, டாக்டர் சீட்டு தேவையில்லை.

வாங்கலாமா, வேண்டாமா? இதை என்னிடம் கேட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, கணிப்பொறி தட்டுகிற ஆள். அதனால் வைத்தியம் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த மாத்திரைகளுக்கு 100 வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது கொஞ்சம் சுலபம் என்பது என் எண்ணம்.

வெடிமருந்து ஆலையில் பிறந்த மருந்து

முதல் உலகப்போர் சமயம். பிரான்ஸில் வெடிமருந்து ஆலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் வேலை பார்த்த தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டினார்கள், இளைத்தார்கள். சிலர் கடும் காய்ச்சல் கண்டு செத்தும் போனார்கள். இந்தச் செய்தியில் "செத்தார்கள்" என்பதை விட்டுவிட்டு "இளைத்தார்கள்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது அடுத்த தலைமுறை.

1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெய்ன்டர், கட்டிங் என்ற இருவர் இது எடையைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். உண்மையிலேயே குறைத்தது. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியை உடம்பு சேமிக்க விடாமல், வெறும் சூடாக வெளியேற்றிவிடும். கியர் போடாமல் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது மாதிரி. பெட்ரோல் தீரும், வண்டி நகராது, எஞ்சின் மட்டும் கொதிக்கும்.

ஒரே வருடத்தில் அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பேர் இதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று டெய்ன்டரே கணக்குச் சொன்னார். கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்தது. கொஞ்ச நாளில் இளம் பெண்களுக்குக் கண்புரை வந்தது. சிலர் உடல் சூடு ஏறி இறந்தார்கள். அன்றைய சட்டப்படி அரசால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஏனென்றால் விற்பதற்கு முன்னால் "இது பாதுகாப்பானது" என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1938-இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் கடைகளிலிருந்து போனது.

போனதா? 2015-இல் இங்கிலாந்தில் 21 வயது மாணவி ஒருவர் இணையத்தில் இதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். விற்றவர் சிறைக்குப் போனார். எண்பது வருடம் முன்னால் ஒழித்த சமாச்சாரம் கூரியரில் வீடு தேடி வருகிறது.

மூக்கடைப்பு மருந்து இடுப்புக்கு வந்த கதை

அடுத்து ஆம்ஃபெடமின். 1930களில் பென்செட்ரின் என்ற பெயரில் மூக்கடைப்புக்கு உறிஞ்சுகிற மருந்தாக வந்தது. பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று மக்கள் கண்டுபிடித்ததும் எடை குறைக்கப் போய்விட்டது. பிறகு இதோடு தைராய்டு மருந்து, சிறுநீர் பிரிய ஒன்று, மலம் போக ஒன்று, இதயத்துக்கான டிஜிட்டாலிஸ், படபடப்பை அடக்கத் தூக்க மாத்திரை என்று கலந்து கலர் கலராகக் கொடுத்தார்கள். வானவில் மாத்திரைகள் என்று பெயர். இவற்றால் மரணங்கள் நேர்ந்த பிறகு 1968-இல் அமெரிக்க செனட் விசாரணை வரை போனது.

நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற கதை அதற்கு அடுத்தது. ஃபீனைல்புரோபனோலமைன். சுருக்கமாக பி.பி.ஏ. சளி மாத்திரையில் இருக்கும் சரக்கு. அமெரிக்காவில் 1970களிலிருந்து டெக்ஸாட்ரிம் போன்ற பெயர்களில் பசியடக்கியாக, சீட்டு இல்லாமல், சூப்பர் மார்க்கெட் அலமாரியிலேயே கிடைத்தது. கோடிக்கணக்கில் விற்றது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

இளம் பெண்கள் சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு என்று அவ்வப்போது செய்தி வந்துகொண்டிருந்தது. கடைசியில் மாத்திரை தயாரிப்பாளர்களின் பணத்திலேயே யேல் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. 18 முதல் 49 வயது வரையுள்ள, மூளையில் ரத்தக்கசிவு வந்த 702 பேரையும், வராத 1,376 பேரையும் ஒப்பிட்டார்கள். பசியடக்கியாக பி.பி.ஏ. சாப்பிட்ட பெண்களுக்கு ஆபத்து சுமார் 16 மடங்கு என்று வந்தது. இந்த 16-ஐப் பார்த்துப் பதறவும் கூடாது. சம்பந்தப்பட்ட எண்ணிக்கை மிகச் சிறியது, நோயும் அந்த வயதில் அரிது. ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை போட்ட கணக்கில், மருந்தை எடுத்துவிட்டால் வருடத்துக்கு 200 முதல் 500 பேர் வரை தப்புவார்கள். 2000 நவம்பரில் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் காலம். கால் நூற்றாண்டு விற்ற பிறகுதான் தெரிந்தது. சீட்டு இல்லாமல் விற்கிற மருந்தை யார் சாப்பிட்டார், என்ன ஆயிற்று என்று எழுதி வைக்க ஆளே கிடையாது. ரத்தக்கசிவோடு வருகிறவரிடம் "என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் ரத்த அழுத்த மாத்திரையைச் சொல்வார். அலமாரியில் எடுத்ததை மருந்து என்றே நினைத்திருக்க மாட்டார்.

மருந்து இல்லை, உணவு

இனி ஒரு சட்ட சமாச்சாரம். 1994-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மூலிகை, வைட்டமின் வகையறாக்களை உணவாகவே கருத வேண்டும், விற்பதற்கு முன் நிரூபிக்க வேண்டியதில்லை, ஆபத்து என்றால் அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றது. 1938-இல் பூட்டிய கதவைப் பாதி திறந்து விட்டார்கள். முதலில் உள்ளே வந்தது எஃபெட்ரா என்ற மூலிகை. 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பம் தாக்கிச் சரிந்து இறந்தார். அவர் எஃபெட்ரா சாப்பிட்டிருந்தார். 2004-இல் தடை செய்தார்கள்.

அடுத்தது நம் பக்கத்துச் சரக்கு. நாகர்கோவில், கேரளப் பக்கம் மீன் குழம்பில் போடுகிற குடம்புளிதான். (கொடுக்காப்புளி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதில் உள்ள முக்கிய அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் என்று 1965-இல் கண்டு எழுதியவர்கள் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர். பிறகு இது "கார்சீனியா கம்போஜியா" என்ற பெயரில் அமெரிக்கா போய், டப்பாவில் அடைபட்டு, பல மடங்கு விலையில் நம் ஊருக்கே திரும்பி வந்தது.

வேலை செய்கிறதா? 1998-இல் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு குடம்புளிச் சத்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எடை குறைந்ததில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பிற்பாடு இந்த மாதிரி டப்பா மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களின் விவரங்களும் மருத்துவ இதழ்களில் வந்தன. குழம்பில் போடும் இரண்டு துண்டு புளி வேறு, தினமும் விழுங்கும் செறிவூட்டிய சத்து வேறு.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட டப்பாக்கள் பலவற்றின் பின்னால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்தான் இருக்கும். அதன் பொருள் இது உணவுப் பொருள் என்பது மட்டுமே. எடை குறையும் என்று அரசு சோதித்துச் சான்று தந்ததாக அர்த்தம் இல்லை. இன்னொரு வேடிக்கை, 1954-இல் வந்த மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. அதைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரமே செய்யக் கூடாது. லோக்கல் ரயிலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தடை செய்தது எங்கே போகிறது?

டாக்டர் சீட்டோடு வந்தவை மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுத்து 1997-இல் போனது. ரிமோனபன்ட் மன அழுத்தத்தையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவந்ததால் ஐரோப்பாவில் 2008-இல் நிறுத்தப்பட்டது. இந்தியா 2009-இல் தடை செய்தது. சிபுட்ரமின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் தெரிந்து, 2010-இல் மேல்நாடுகளில் போனது. இந்தியாவில் 2011-இல் தடை.

ஆனால் ஒரு வித்தியாசம். இவற்றுக்குச் சீட்டு இருந்தது, டாக்டரிடம் குறிப்பு இருந்தது, அதனால் சில வருடங்களில் பிடிபட்டன.

இப்போது சிபுட்ரமின் எங்கே? 2007 முதல் 2016 வரை அமெரிக்கத் துறை பிடித்த, மருந்து ரகசியமாகக் கலந்த 776 சத்துப் பொருட்களை 2018-இல் ஓர் ஆய்வு அலசியது. அவற்றில் நூற்றுக்கு 40 எடை குறைக்கும் வகை. அந்த வகையில் பெரும்பாலானவற்றில் ஒளிந்திருந்தது சிபுட்ரமின். மேலே மூலிகை என்று அச்சடித்திருக்கும், உள்ளே தடை செய்த மருந்து. "இந்த மூலிகை மாத்திரை நிஜமாவே வேலை செய்யுது" என்று யாராவது சொன்னால் நான் இப்போது கொஞ்சம் பயப்படுகிறேன்.

மிஞ்சியது ஒன்று

முறையாகச் சோதித்து, பல நாடுகளில் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்ற மாத்திரை என்றால் ஆர்லிஸ்டாட். 2007-இல் அமெரிக்காவில் "ஆல்லி" என்ற பெயரில் 60 மில்லிகிராம் அளவில் வந்தது. குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுக்கும். சாப்பிட்ட கொழுப்பில் கால் பங்கு அப்படியே வெளியே போகும். (எப்படிப் போகும் என்றால், கம்பெனியே ஆரம்பத்தில் கறுப்பு பேன்ட் போட்டுக்கொள்ளச் சொன்னது. மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள்.)

நம் சாப்பாட்டுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 50 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறீர்கள் என்றால் கால் பங்கு 12 கிராம் சொச்சம், அதாவது சுமார் 110 கலோரி. 100 கிராம் சோற்றில் கிட்டத்தட்ட 130 கலோரி. ஆக, இரண்டாவது முறை ரசத்துக்குப் போடுகிற சோற்றைத் தள்ளினால் மாத்திரை செய்வதை நீங்களே செய்துவிடுகிறீர்கள். நம் தொப்பை பெரும்பாலும் அரிசி, சர்க்கரை, உட்கார்ந்த வேலை இவற்றின் கூட்டணி. கொழுப்பை மட்டும் தடுக்கிற மாத்திரைக்கு இட்லியும் சோறும் கண்ணுக்கே தெரியாது. மருத்துவர் தருகிற 120 மில்லிகிராம் அளவிலேயே, ஒரு வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெறும் மாத்திரையைவிடக் கூடுதலாகக் குறைவது 3 கிலோ போலத்தான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் என்றால் நீங்களே கணக்குப் பாருங்கள்.

இதற்கும் நிபந்தனை உண்டு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வது குறையும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது சரியாக ஏறாமல் போகலாம். நம் வீடுகளில் தைராய்டு டப்பா இல்லாத அலமாரி எத்தனை?

அந்த டப்பாவைப் பற்றியே ஒரு வார்த்தை. 1890களில் முதன்முதலாக எடை குறைக்கக் கொடுத்த மருந்தே ஆட்டின் தைராய்டுச் சத்துதான். இன்றும் "அக்கா தைராய்டு மாத்திரை போட்டு இளைச்சிட்டாங்க, நானும் போடறேன்" என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்குக் குறைவதை அது ஈடு கட்டுகிறது. உங்களுக்குக் குறையே இல்லை என்றால் அது இதயத்தை விரட்டும். நம் ஊர்க் கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்துவிடுவார்கள். சீட்டு கேட்கவில்லை என்பதும் சீட்டு தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. 2025-இல் இந்தியாவுக்கு வந்த மௌஞ்சாரோ, வீகோவி ஊசிகளுக்கும் இதே பேச்சுதான். அவை நன்றாகவே எடையைக் குறைக்கின்றன, ஆனால் டாக்டர் பார்த்துத் தர வேண்டியவை.

அப்படியானால் என்ன செய்வது?

இந்த வரலாற்றில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். "சீட்டு தேவையில்லை" என்பதை நாம் "ஆபத்தில்லை" என்று படிக்கிறோம். உண்மையில் அது "உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தைராய்டையும் யாரும் பார்க்கப் போவதில்லை" என்பதுதான். சொந்த ஊரில் என்றால் குடும்ப டாக்டர் இருப்பார், "இதெல்லாம் எதுக்கும்மா" என்று திட்ட ஒரு சித்தி இருப்பார். இங்கே அந்தக் காவலும் கிடையாது. மாத்திரை, கூரியர்க்காரர், நாம், மூன்று பேர்தான்.

வாங்குவதற்கு முன் நான்கு கேள்வி போதும். உள்ளே என்ன சரக்கு, எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா? மருந்து உரிமமா, உணவு உரிமமா? நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு ஒத்துப்போகுமா? நிறுத்திய பிறகு என்ன ஆகும்? ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் வைத்துவிடுங்கள். பிரசவம் எதிர்பார்ப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், பிள்ளைகள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று 2009-இல் இங்குள்ள மருத்துவர்கள் கூடி வகுத்தார்கள். அந்தக் கணக்கில் நம்மில் பலர் தாண்டியிருப்போம், நானும் சேர்த்து. அதனால் எடை ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் ஒரு டாக்டரைப் பார்த்து, சர்க்கரையும் தைராய்டும் கொழுப்பும் சோதித்துவிடலாம் என்றுதான் சொல்கிறேன். ஊரிலிருந்து அம்மா "டிவியில காட்டறாங்களே, எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பு" என்று கேட்டால், முதலில் அவர் தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் வேறு பல சமயங்களிலும் உதவும்.