உமியோடு மலையிறங்கும் சாமை

கொல்லிமலையில் சாமை என்றால் ஒரே சாமை இல்லை. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை, திருகுலாச் சாமை என்று பெயர்கள் நீளும். ஒன்று முந்தி விளையும், இன்னொன்று பிந்தி விளையும். ஒன்று கல்லாங்காட்டுச் சரிவுக்கு ஆகும், மற்றொன்று கொஞ்சம் மண் கண்ட இடத்தைக் கேட்கும். மழை பொய்த்த வருஷத்திலும் ஏதாவது ஒரு ரகம் வீட்டுக்கு வந்து சேரும். மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் காத்த செல்வம் இது.

அறுத்த கதிரைக் களத்தில் அடித்து, முறத்தில் தூற்றிச் சேர்த்தால், உமி மூடிய சின்னஞ்சிறு மணிகள் கிடைக்கும். அந்த உமியில்தான் சாமையின் தலையெழுத்து இருக்கிறது. உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது, பூச்சியும் எளிதில் அண்டாது. ஆனால் உமி போகாமல் ஒரு பிடி சோறு பொங்க முடியாது. பெண்கள்தான் உரலில் குத்துவார்கள், புடைப்பார்கள், மறுபடியும் குத்துவார்கள். காட்டுவேலை முடித்து வந்த உடம்பு, அடுத்த வேளைச் சோற்றுக்காக இன்னும் உழைக்க வேண்டும். நாக்கு மாறியதால் சாமை போயிற்று என்று நகரத்தில் சொல்கிறார்கள். தோள்வலியைக் கணக்கில் சேர்க்காத பேச்சு அது.

அந்த வலிக்கு மாற்று வந்தபோது மலை அதை ஏற்றுக்கொண்டது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டியிருந்தது. கிழங்குக்குக் கைமேல் காசு. சாமைக் காடுகள் கிழங்குக் காடுகளாயின. ரேஷன் கடையில் அரிசி மலிவாகி, 2011 முதல் இலவசமும் ஆனது. பசியாற்றிய அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடு முழுக்கவும் இதே போக்குதான். சோளம், கம்பு, கேழ்வரகு நீங்கலான சிறுதானியங்கள் 1950களின் நடுவில் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விளைந்தன. 2010களில் அது ஏறத்தாழ 7 லட்சம் ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது.

மிஞ்சிய சாமையில் விற்பனைக்கு ஒதுக்கியது உமியோடு மூட்டையாகி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குகிறது. ஒவ்வொரு வீட்டிலும் அரை மூட்டை, ஒரு மூட்டைதான் தேறும். வியாபாரி அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டுகிறார். பெருமணியும் சிறுமணியும் கலந்த குவியலை அரைவை இயந்திரம் விரும்பாது. பெரிய மணிக்குச் சரிபார்த்து ஓட்டினால் சிறியது உமியோடு தப்பிவிடும். சிறியதற்கு ஓட்டினால் பெரியது நொறுங்கும். மணியளவே இருக்கும் கல்லைப் பிரிப்பது தனிப் பாடு. அதனால் விலை குறைகிறது. மலையில் காப்பாற்றித் தந்த ரக வளமே மண்டிக்கு வந்ததும் குறையாகிவிடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

இப்படிப்பட்ட மணியை உமி நீக்கும் நுட்பம் கைவந்த ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் மகாராஷ்டிரத்தின் நாசிக். மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி, மண்ட்லா பக்கத்துப் பழங்குடிகள் விளைவிக்கும் குட்கியும் நம்முடைய சாமைதான். வெவ்வேறு மாநிலத்துச் சாமை நாசிக் போன்ற ஊர்களில் அரிசியாகி, பல ஊர்க் கடைகளுக்குப் பிரிந்து போகிறது. சென்னைக் கடையில் வாங்கும் பொட்டலம் தமிழ்நாட்டு மலையில் விளைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உமி நீங்கிய மணியில் தவிடு ஒட்டியிருக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். கடைக்காரர் அதற்கு அஞ்சுகிறார். ஆலைக்காரர் வெள்ளை வெளேரென்று தீட்டிக் கொடுக்கிறார். நார்ச்சத்துக்காகச் சாமை தேடிப் போகிறவர், நார்ச்சத்தைத் தீட்டி எடுத்த சாமைக்கு அதிக விலை கொடுக்கிறார். பழுப்பு நிறச் சாமையைக் கேட்டு வாங்குவதே நல்லது. புதிதாக உமி நீக்கியதா என்று தேதியையும் பார்க்க வேண்டும்.

உமி நீக்கும் வேலையை மலையிலேயே வைத்துக்கொள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் முயன்றது. மகளிர் குழுக்களிடம் சிறு இயந்திரங்களைக் கொடுத்தது, ஊர் விதை வங்கிகளை அமைக்க உதவியது. என் கண்ணுக்கு இதுதான் சரியான இடத்தில் வைத்த கை. உரல் ஓய்கிறது, தவிடு மாட்டுக்கு ஆகிறது, உமியோடு விற்பதா, அரிசியாக்கி விற்பதா என்று வீடே முடிவு செய்யலாம். ஆனால் இயந்திரம் ஓட வருஷம் முழுக்கத் தானியம் வேண்டும், பழுதுபார்க்க ஆள் வேண்டும். மரவள்ளி தின்ற நிலத்திலிருந்து அவ்வளவு தானியம் வருவது எளிதல்ல.

2018இல் மத்திய அரசு சிறுதானியங்களை ஊட்டமிகு தானியங்கள் என்று அறிவித்தது, 2023 ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டாகவும் ஆனது. அந்த ஆண்டே நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, அந்த விலைக்கு அரசு உழவரிடம் கொள்முதல் செய்ய முடிந்தது. மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளமும் கம்பும் கேழ்வரகும் இருக்கின்றன. சாமை இல்லை. ஆகவே கொல்லிமலைக்காரரின் மூட்டைக்கு விலை சொல்பவர் இன்றும் அடிவாரத்து வியாபாரிதான்.